உடற்பயிற்சி செய்யும்போது மனம் அலைபாய்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி இதுதான்: "ஜிம்முக்கு ஒழுங்காகப் போகிறேன். ஆனால் ஆரம்பித்த பதினைந்து நிமிடத்தில் மனம் வேறெங்கோ போய்விடுகிறது. எத்தனையாவது செட் என்பதே மறந்துபோகிறது. போனை ஒருமுறை கையில் எடுத்தால் கீழே வைக்க முடியவில்லை. ஒரு மணி நேரமும் கவனம் சிதறாமல் இருக்க என்ன வழி?"

முதலில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எடைப் பயிற்சி நாளில் ஐந்து பயிற்சிகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு செட் (நிறுத்தாமல் தொடர்ந்து சில முறை தூக்குவது ஒரு செட்) என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 20 செட். ஒரு செட்டுக்கு ஏறக்குறைய 40 விநாடி. அப்படியானால் நீங்கள் எடையோடு மல்லுக்கட்டும் நேரம் மொத்தமே 13 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். மீதி 45 நிமிடத்துக்கும் அதிகமான நேரம் மூச்சு வாங்குவதிலும், பிளேட் (எடைத் தட்டு) மாற்றுவதிலும், தண்ணீர் குடிப்பதிலும், அடுத்த இடத்துக்கு நடப்பதிலும் போகிறது.

ஒரு மணி நேரமும் கவனம் சிதறாமல் இருக்க வேண்டும் என்பதே உங்கள் மேல் நீங்கள் ஏற்றிக்கொண்ட தேவையில்லாத சுமை. யாராலும் அது முடியாது, முடிய வேண்டிய அவசியமும் இல்லை. உங்களுக்குத் தேவை 40 விநாடிக் கவனம், இருபது முறை. பல வருடங்களாக நானும் பயிற்சி செய்து, மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்ததில் நான் உறுதியாக நம்பும் ஒன்று உண்டு. பெரும்பாலானவர்களுக்கு செட் நடந்துகொண்டிருக்கும்போது கவனம் போவதில்லை. தலைக்கு மேல் எடை இருக்கும்போது யாருக்கும் மாதச் செலவு ஞாபகம் வராது. செட்டுக்கும் செட்டுக்கும் இடையிலுள்ள அந்த இரண்டு மூன்று நிமிடத்தில்தான் அது நழுவிப் போகிறது. அடுத்த செட் வரும்போது திரும்பி வந்து சேர்வதில்லை. அதனால் பழுது பார்க்க வேண்டிய இடம் இடைவேளை.

இடைவேளை எதற்கு என்று தெரிந்தால் அதை எப்படிக் கழிப்பது என்பதும் புரியும். கனமான எடையைச் சில முறை தூக்கும்போது தசை முதலில் செலவழிப்பது பாஸ்போகிரியேட்டின் என்ற உடனடிச் சேமிப்பை. செட் முடிந்த அரை நிமிடத்தில் அதில் ஏறக்குறைய பாதி திரும்பிவிடும். பெரும்பகுதி நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். 2016-இல் பிராட் ஷோன்ஃபீல்டு என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும், எடைப் பயிற்சியில் ஏற்கெனவே அனுபவமுள்ள இளைஞர்களை இரு குழுவாகப் பிரித்து எட்டு வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். செட்டுகளுக்கு இடையில் ஒரு நிமிடம் ஓய்வெடுத்தவர்களைவிட மூன்று நிமிடம் ஓய்வெடுத்தவர்களுக்கு வலிமையும் கூடியது, தசை வளர்ச்சியும் கூடியது. ஆகவே ஓய்வைக் குறைத்து வேகவேகமாகச் செய்தால் கவனம் சிதறாது என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. அப்படிச் செய்தால் மூச்சிரைப்புதான் மிஞ்சும், தூக்கும் எடை குறையும். ஓய்வு வேண்டும். அந்த ஓய்வில் என்ன செய்கிறோம் என்பதுதான் விஷயம்.

பெரும்பாலோர் செய்வது போனை எடுப்பது. இதில் இரண்டு சேதம் இருக்கிறது. ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது: இரண்டு நிமிடம் ஆறு நிமிடமாகிறது, சூடேறிய உடம்பு ஆறிப்போகிறது. இரண்டாவதுதான் பெரியது. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது முந்தைய வேலையின் ஒரு பகுதி மனதில் ஒட்டிக்கொண்டே வருகிறது என்பதை சோஃபி லெராய் 2009-இல் ஆய்வு செய்து எழுதினார். முந்தைய வேலை பாதியில் நிற்கும்போது இந்த ஒட்டல் இன்னும் அதிகம். பதில் போடாமல் விட்ட மெசேஜ், பாதி படித்த செய்தி, பாதியில் நிறுத்திய வீடியோ எல்லாம் இந்த வகைதான். நீங்கள் ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழும் பயிற்சி) பண்ணக் கீழே இறங்கும்போது அந்த மெசேஜும் கூடவே இறங்குகிறது. போனைத் தொடாவிட்டாலும் தப்பிக்க முடியாது. நோட்டிபிகேஷன் வந்த சத்தமோ அதிர்வோ மட்டும் போதும், கவனம் தேவைப்படும் வேலையில் தவறுகள் கூடுகின்றன என்று 2015-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதில் பங்கேற்றவர்கள் போனை எடுத்துப் பார்க்கக்கூட இல்லை.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒருமுறை ஓய்வு நேரத்தில் ஒரு மெசேஜுக்குப் பதில் போட்டுக்கொண்டே பாரில் (எடை மாட்டும் இரும்புக் கம்பியில்) பிளேட் மாட்டினேன். ஒரு பக்கம் 10 கிலோ கூடுதலாக ஏறிவிட்டது. ரேக்கிலிருந்து எடுத்த நொடியில் பார் சாய்ந்தது. பக்கத்தில் இருந்தவர் ஓடி வந்து பிடித்ததால் தோள் தப்பியது. அன்றிலிருந்து பயிற்சி முடியும்வரை என் போன் பைக்குள் சைலண்டில்தான் இருக்கும். நேரம் பார்க்கச் சுவர்க் கடிகாரமோ சாதாரண கைக்கடிகாரமோ போதும். பாட்டு கேட்க வேண்டும் என்றால் பட்டியலை முன்பே போட்டுவிட்டு, ஏரோப்ளேன் மோடில் வைத்துவிடுங்கள். வீட்டில் குழந்தையோ வயதானவர்களோ இருப்பதால் அழைப்பு வந்தே ஆக வேண்டும் என்றால், அந்த ஓரிரு எண்களிலிருந்து மட்டும் சத்தம் வரும்படி அமைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான ஸ்மார்ட்போன்களில் அந்த வசதி இருக்கிறது.

சரி, போன் போய்விட்டது, அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் என்னதான் செய்வது? ஒரு சின்ன நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். செட் முடிந்ததும் முதல் வேலை எழுதுவது: எடை, எத்தனை முறை, இன்னும் எத்தனை முறை தூக்கியிருக்க முடியும் என்ற உங்கள் கணிப்பு. பத்து விநாடி வேலை. எத்தனையாவது செட் என்று மறந்துபோகும் உங்கள் பிரச்சினை அந்தப் பத்து விநாடியில் தீர்ந்துவிடும். அப்புறம் மெதுவாக நாலு அடி நடங்கள், மூச்சை அதன் போக்கில் இறங்க விடுங்கள். இந்த நேரத்தில் மனம் எங்கே வேண்டுமானாலும் போகட்டும், தடுக்காதீர்கள். ஜன்னலைப் பாருங்கள், பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு வார்த்தை பேசுங்கள். தளர விடாத கவனம் தேவையான நேரத்தில் கூராக வராது என்பது என் அனுபவம்.

கடைசி 20 விநாடிதான் முக்கியம். அப்போது எப்போதும் ஒரே மாதிரி ஏதோ ஒன்றைச் செய்யுங்கள். என்னுடையது இப்படி: பாருக்கு முன்னால் வந்து நிற்பேன், இரண்டு பக்கமும் பிளேட் சரியா என்று பார்ப்பேன், ஒரு நீண்ட மூச்சு விடுவேன், இந்த செட்டில் நினைக்க வேண்டிய ஒரே ஒரு விஷயத்தை மனதுக்குள் சொல்லிக்கொள்வேன், கை வைப்பேன். வரிசை மாறுவதே இல்லை. கூடைப்பந்து வீரர்கள் ஃப்ரீ த்ரோ எறியும் முன் பந்தை எப்போதும் அதே எண்ணிக்கையில் தட்டுவதையும், டென்னிஸ் வீரர்கள் சர்வ் போடும் முன் அதே அசைவுகளைத் திரும்பத் திரும்பச் செய்வதையும் பார்த்திருப்பீர்கள். ஒரே வரிசையைப் பல நூறு முறை செய்யும்போது, அந்த வரிசை தொடங்கியதுமே உடம்பு அடுத்து வரப்போவதற்குத் தயாராகிவிடுகிறது. ஆரம்பத்தில் செயற்கையாகத் தோன்றும். மூன்று நான்கு வாரம் விடாமல் செய்யுங்கள்.

இனி அந்த 40 விநாடிக்குள் வருவோம். "கவனமாகச் செய்" என்று சொன்னால் போதாது, கவனத்தை எங்கே வைப்பது என்று சொல்ல வேண்டும். இந்த இடத்தில் ஆராய்ச்சி நிறைய இருக்கிறது. 1998-இல் கேப்ரியேல வுல்ஃபும் உடன் ஆய்வாளர்களும் பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவி ஒன்றில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழுவிடம் "உங்கள் பாதத்தால் அழுத்துவதைக் கவனியுங்கள்" என்றார்கள். இன்னொரு குழுவிடம் "பாதத்துக்குக் கீழே இருக்கும் சக்கரங்களை அழுத்துவதைக் கவனியுங்கள்" என்றார்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே செயல்தான். ஆனால் சக்கரத்தைக் கவனித்தவர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டும் சோதனை ஒன்று 2010-இல் வந்தது. "முழங்காலை எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக நீட்டு" என்று கேட்டவர்களைவிட, "கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் தாண்டு" என்று கேட்டவர்கள் சராசரியாக ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் கூடுதலாகத் தாண்டினார்கள்.

காரணம் என்னவென்று வுல்ஃப் சொல்வது எளிமையானது. நம் உடம்புக்குப் பல அசைவுகள் தானாகவே தெரியும். நடுவில் நாம் புகுந்து "முழங்கால் எங்கே, முதுகு எங்கே" என்று ஒவ்வொன்றாக மேற்பார்வை செய்யப் போனால் அந்தத் தானியங்கு ஓட்டம் தடைபடுகிறது. படிக்கட்டில் இறங்கும்போது ஒவ்வொரு அடியையும் யோசித்து வைத்துப் பாருங்கள், எப்படித் தடுமாறுகிறது என்று தெரியும். எனவே கனமாகவோ வேகமாகவோ செய்யும் பயிற்சிகளில் கவனத்தை உடம்புக்கு வெளியே, செயலின் விளைவில் வையுங்கள். ஸ்குவாட்டில் எழும்பும்போது "தரையைக் கீழே தள்ளு". பெஞ்சில் மல்லாந்து படுத்துச் செய்யும் பெஞ்ச் பிரஸ்ஸில் "பாரைக் கூரை நோக்கித் தள்ளு". தண்டாலில் "தரையை என்னிடமிருந்து விலக்கு". ஒரு செட்டுக்கு இப்படி ஒரே ஒரு கட்டளை. நான்கைந்தை ஒன்றாக மனதில் ஏற்றிக்கொண்டு போவது, ஒன்றுமே இல்லாமல் போவதைவிட மோசம். புதிதாக வருபவர்களுக்கு ஒரே செட்டில் ஆறு திருத்தம் சொல்லும் பயிற்சியாளர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த ஆளுக்கு அன்று எதுவுமே பிடிபடாது.

ஆனால் இதற்கு ஒரு விலக்கும் உண்டு. தசை வளர்ச்சிக்காக, நடுத்தர எடையில், ஒரே மூட்டு மட்டும் அசையும் பயிற்சி செய்யும்போது கவனத்தை அந்தத் தசைக்குள்ளேயே வைப்பது பலன் தரலாம். அதே ஷோன்ஃபீல்டு குழு 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், எடைப் பயிற்சி அனுபவமில்லாத இளைஞர்கள் எட்டு வாரம் பைசெப்ஸ் கர்லும் (முழங்கையை மடக்கி எடையைத் தூக்குவது), காலை நீட்டும் பயிற்சியும் செய்தார்கள். "தசையை இறுக்கு" என்று நினைத்துச் செய்தவர்களுக்கு முன்கையை மடக்கும் தசைகளின் தடிமன் 12.4 சதவீதம் கூடியது. "எடையை மேலே கொண்டுபோ" என்று நினைத்துச் செய்தவர்களுக்கு 6.9 சதவீதம். தொடை முன்தசையில் இந்த வித்தியாசம் தெரியவில்லை. ஒரு சிறிய ஆய்வுதான், அதை வைத்துப் பெரிய கோட்டை கட்ட வேண்டாம். பெஞ்ச் பிரஸ்ஸில் செய்த வேறொரு ஆய்வு (2016) இதற்கு ஓர் எல்லையும் காட்டியது. தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் 60 சதவீதம் வரைக்கும் நினைப்பின் மூலம் மார்புத் தசையையோ பின்கைத் தசையையோ கூடுதலாக இயக்க முடிந்தது. 80 சதவீதத்தில் அது நடக்கவில்லை. எடை கனக்கும்போது உடம்பு இருப்பதையெல்லாம் கூப்பிட்டுக்கொள்கிறது, நம் விருப்பத்துக்கு இடமில்லை. எனவே கனமான செட்டில் பார்வை வெளியே, இலகுவான தனித்தசைப் பயிற்சியில் உள்ளே. இந்த அளவு போதும்.

இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. எடை மிகக் குறைவாக இருந்தாலும் மனம் அலையும். பன்னிரண்டு முறை தூக்கி வைத்துவிட்டு, இன்னும் பத்து முறை தூக்கியிருக்கலாம் என்ற நிலையில் இருக்கிறீர்கள் என்றால், அந்தப் பயிற்சி உங்கள் கவனத்தைக் கேட்கவே இல்லை. கேட்காத இடத்தில் அது எப்படி உட்காரும்? அசைவு ஒழுங்காக வந்த பிறகு, செட் முடியும்போது இன்னும் இரண்டு மூன்று முறைதான் மிச்சம் என்ற அளவுக்கு எடையை ஏற்றுங்கள். "எனக்குக் கவனமே இல்லை" என்று வருபவர்களில் கணிசமானவர்களுக்கு, ஆறு மாதமாக அதே எடையை அதே எண்ணிக்கையில் தூக்கிக்கொண்டிருப்பதுதான் நோய். நோட்டில் எழுதும் பழக்கம் இதையும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஓட்டம், சைக்கிள், டிரெட்மில், வேக நடை போன்றவற்றுக்கு வேறு கணக்கு. அங்கே இடைவேளை இல்லை, அரை மணி நேரமும் தொடர்ந்து போக வேண்டும். 1977-இல் வில்லியம் மார்கனும் மைக்கேல் பொல்லாக்கும் மாரத்தான் ஓட்டக்காரர்களிடம் ஓடும்போது என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டறிந்தார்கள். முதல்தர ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் தங்கள் உடம்பைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார்கள்: மூச்சு, கால்களின் நிலை, வேகம். மற்றவர்கள் வேறு எதையெதையோ நினைத்து வலியை மறக்கப் பார்த்தார்கள். இதைப் படித்துவிட்டு "நானும் இனி ஓடும்போது உடம்பையே கவனிக்கப் போகிறேன்" என்று கிளம்பிவிடாதீர்கள். போட்டியில் வேகத்தை நொடிக்கு நொடி சரிசெய்ய வேண்டியவர்களுக்கு அது தேவை. உடல்நலத்துக்காக அரை மணி நேரம் மெதுவாக ஓடுபவர் மூச்சிரைப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் களைப்புதான் பெரிதாகத் தெரியும்.

ஆகவே இலகுவான ஓட்டத்தில் மனம் அலைந்தால் அதைக் குறையாக நினைக்கவே வேண்டாம். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் என்றால் மனதை அவிழ்த்து விடுங்கள். பாட்டு கேளுங்கள், பேச்சு கேளுங்கள், வழியில் உள்ள மரங்களைப் பாருங்கள். இசையைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆய்வு செய்துவரும் காஸ்டஸ் கராஜியோர்கிஸ் போன்றவர்கள் காட்டியிருப்பதும் இதுதான்: மிதமான வேகம்வரை இசை களைப்புணர்வைக் குறைக்கிறது. வேகம் கூடி, இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேச முடியாத நிலை வந்தபின் உடம்பின் குரல்தான் ஓங்கி ஒலிக்கும். பாட்டு களைப்பை மறைப்பது அப்போது நின்றுவிடும். அந்த நேரத்தில் மூச்சையும் காலடித் தாளத்தையும் கவனிப்பது நல்லது. தோள் இறுகியிருக்கிறதா, கை முஷ்டி பிடித்திருக்கிறதா என்று சில நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

வெளியில் ஓடுபவர்களுக்கும் நடப்பவர்களுக்கும் இன்னொரு வழி. மொத்தத் தூரத்தையும் நினைக்காமல், கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருளை, ஒரு கம்பத்தையோ திருப்பத்தையோ, இலக்காக வைத்து அதை மட்டும் பார்த்துக்கொண்டு போவது. எமிலி பால்செடிஸும் உடன் ஆய்வாளர்களும் 2014-இல் வெளியிட்ட சோதனையில், காலில் எடை கட்டி நடந்தவர்களில் முடிவிடத்தையே பார்த்து நடந்தவர்கள், சுற்றிலும் இயல்பாகப் பார்த்து நடந்தவர்களைவிட 23 சதவீதம் வேகமாக நடந்தார்கள். சிரமமும் குறைவாகத் தெரிந்ததாகச் சொன்னார்கள். சாலையில் போகும்போது இதைச் செய்ய வேண்டாம், வண்டிகளைப் பார்க்க வேண்டும். பூங்காவிலும் ஓடுதளத்திலும் செய்யுங்கள்.

களைப்பு உச்சத்தில் இருக்கும்போது மனதுக்குள் என்ன பேசிக்கொள்கிறோம் என்பதற்கும் பலன் இருக்கிறது. ஆந்தனி பிளான்ச்ஃபீல்டு முதலானோர் 2014-இல் செய்த சைக்கிள் சோதனையில், தங்களுக்கேற்ற ஊக்கச் சொற்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு வாரம் பழகியவர்கள், முன்பு சராசரியாக 637 விநாடி தாக்குப்பிடித்த அதே கடினமான வேகத்தில் 751 விநாடி தாக்குப்பிடித்தார்கள். பழகாத குழுவில் அந்த முன்னேற்றம் இல்லை. பெரிய வசனம் எதுவும் வேண்டாம். "இன்னும் ஒண்ணு", "விடாதே", "தாளத்தை விடாதே" மாதிரி, மூச்சோடு சேர்ந்து வரும் சின்னச் சொல்லாக இருக்கட்டும். அது உங்கள் வாயில் இயல்பாக வரும் சொல்லாக இருக்க வேண்டும். எனக்கு என் அப்பா சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது சொன்ன "நேரா பாரு" இன்றைக்கும் வேலை செய்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் பயிற்சிக்குள் நடப்பது. நீங்கள் எந்த நிலையில் உள்ளே வருகிறீர்கள் என்பதும் இதில் பாதி. சாமுவேலே மார்கோரா 2009-இல் வெளியிட்ட ஆய்வு என் பார்வையையே மாற்றியது. 16 பேரை 90 நிமிடம் கணினி முன் உட்காரவைத்து, கவனம் தொடர்ந்து தேவைப்படும் ஒரு வேலையைக் கொடுத்தார்கள். பிறகு கடினமான வேகத்தில் சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். அதே ஆட்கள் வேறொரு நாளில் 90 நிமிடம் ஆவணப்படம் பார்த்துவிட்டு மிதித்தார்கள். படம் பார்த்த நாளில் சராசரியாக 754 விநாடி மிதித்தவர்கள், மூளைக்கு வேலை கொடுத்த நாளில் 640 விநாடியிலேயே நிறுத்திவிட்டார்கள். இதயமும் நுரையீரலும் தசைகளும் இரண்டு நாளும் ஒரே மாதிரிதான் இயங்கின. மூளை களைத்த நாளில் அதே வேலை அதிகச் சிரமமாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

பகலெல்லாம் திரையைப் பார்த்து வேலை செய்துவிட்டு மாலையில் ஜிம்முக்குப் போய், "எனக்கு மனவுறுதி இல்லை" என்று தன்னையே திட்டிக்கொள்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். உங்களிடம் குறை ஒன்றும் இல்லை. களைத்த மூளையோடு வந்திருக்கிறீர்கள். முடிந்தால் கனமான பயிற்சிகளைக் காலையிலோ விடுமுறை நாளிலோ வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் வேலைக்கும் பயிற்சிக்கும் நடுவில் பதினைந்து இருபது நிமிடம் திரையில்லாத இடைவெளி விடுங்கள். நடந்தே ஜிம்முக்குப் போக முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. காபி உதவும், மறுக்கவில்லை. ஆனால் குடித்த காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே பெரும்பாலானவர்களுக்கு ஐந்து மணி நேரம் போல ஆகும். மாலை ஏழு மணிக் காபி இரவுத் தூக்கத்தைக் கெடுத்தால், மறுநாள் கவனம் அதைவிட மோசமாக இருக்கும்.

வார்ம்-அப்பைத் தவிர்ப்பவர்களுக்கு மனம் ஒருமுகப்படுவது சிரமம். உடம்பு சூடாவதற்காக மட்டும் அதைச் சொல்லவில்லை. ஏழெட்டு நிமிடம், தினமும் அதே அசைவுகள், அதே வரிசை. வெளியுலகத்துக்கும் பயிற்சிக்கும் நடுவில் அது ஒரு வாசல். தலைக்குள் ஏதாவது உறுத்திக்கொண்டிருந்தால், வார்ம்-அப் தொடங்கும் முன் அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்: "நாளைக்கு மின்கட்டணம்", "தம்பிக்குப் பேச வேண்டும்". எழுதி வைத்ததை மனம் திரும்பத் திரும்ப ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

அதே நோட்டில் அன்று என்ன செய்யப் போகிறீர்கள் என்பதும் வீட்டிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். பயிற்சி, எடை, செட், ஓய்வு எல்லாம். உள்ளே போய் நின்று "இன்றைக்கு என்ன பண்ணலாம்" என்று யோசிப்பது கவனத்தை அரித்துத் தின்னும். குறித்த கருவியில் வேறு யாரோ இருந்தால் அதற்குப் பதில் எது என்பதையும் எழுதிவிடுங்கள். "இப்படி நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்வதன் பலனைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்து ஆராய்ந்து காட்டியிருக்கிறார். 2002-இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில், உடற்பயிற்சியின் நன்மைகளை மட்டும் படித்தவர்களில் 35 சதவீதத்தினர் அடுத்த வாரம் ஒருமுறையாவது பயிற்சி செய்தார்கள். எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று கூடவே எழுதியும் கொடுத்தவர்களில் 91 சதவீதத்தினர் செய்தார்கள். அது பயிற்சிக்கு வந்து சேர்வதைப் பற்றிய ஆய்வு. ஆனால் அதே உத்தி உள்ளேயும் உதவுவதைப் பார்த்திருக்கிறேன். "யாராவது நீளமாகப் பேச ஆரம்பித்தால், 'இந்த செட்டை முடிச்சிட்டு வரேன்' என்று சிரித்துக்கொண்டே சொல்வேன்." "போனை எடுக்கக் கை போனால், தண்ணீர் பாட்டிலை எடுப்பேன்." முன்பே முடிவு செய்திருந்தால் அந்த நொடியில் யோசிக்க வேண்டியதில்லை.

வீட்டில் செய்பவர்களுக்கு ஒரு சொல். வீட்டில் எல்லாமே கூப்பிடும்: மடிக்காத துணி, அடுப்பு, கதவு மணி. ஒரு மணி நேரம் தனியாகக் கிடைக்கும் என்று காத்திருக்காதீர்கள். 20 நிமிடம் போதும். ஒரே இடத்தில் பாயை விரியுங்கள், வீட்டில் இருப்பவர்களிடம் "இருபது நிமிஷம் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டு டைமரை வையுங்கள். பாய் விரிந்திருக்கும்வரை பயிற்சி நேரம் என்பது குழந்தைகளுக்குக்கூடச் சில நாளில் பழகிவிடும்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். பயிற்சியின்போது தலைசுற்றல், கண் இருட்டல், நெஞ்சில் அழுத்தம், வழக்கத்துக்கு மாறான படபடப்பு இவை கவனச் சிதறல் இல்லை. உடனே நிறுத்த வேண்டும், மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதேபோல, பயிற்சியில் மட்டுமின்றி படிப்பு, வேலை, பேச்சு எல்லாவற்றிலும் சின்ன வயதிலிருந்தே மனம் நிற்பதில்லை என்றால், மேலே சொன்ன உத்திகளோடு நிறுத்திக்கொள்ளாமல் அதற்குரிய மருத்துவரிடம் ஒருமுறை பேசுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இவ்வளவையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் போன் பைக்குள், நோட்டு கையில், அவ்வளவுதான். அது பழகியபின் அந்த 20 விநாடி வரிசையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். செட்டுக்கு ஒரு கட்டளை என்பது அதற்கப்புறம் தானாகவே பொருந்தி வரும்.

என்ன செய்தாலும் கவனம் வராத நாட்களும் இருக்கும். தூக்கம் கெட்ட இரவுக்கு மறுநாள், வீட்டில் ஏதோ மனக்கஷ்டம் நடந்த வாரம். அப்படிப்பட்ட நாளில் நான் பார்பெல்லைத் தொடுவதில்லை. தலைக்கு மேல் தூக்குவது, கனமான டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது), குதித்து இறங்குவது எல்லாவற்றையும் விட்டுவிடுவேன். எடையை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, கருவிகளில் உட்கார்ந்து செய்யும் பயிற்சிகளையோ நீண்ட நடையையோ எடுத்துக்கொள்வேன். நோட்டில் அந்த நாளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் போடுவேன். ஒரே மாதத்தில் ஐந்தாறு வட்டம் விழுந்திருந்தால், முதலில் பார்ப்பது என் தூங்கும் நேரத்தைத்தான்.